என் அக்கா அளந்த தண்ணீர்

1

போன செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு இரண்டு கேக் வாங்கிக்கொண்டு போனேன். ஜெர்மனியில் யாருக்குப் பிறந்தநாளோ அவர்தான் மற்றவர்களுக்குக் கேக் வாங்கித் தர வேண்டும். என் பிறந்தநாள் சித்திரையில் வரும் என்பது என்னோடு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். அதனால் ஊவே, எங்கள் படகுத்துறையில் எல்லோருக்கும் மூத்தவர், பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என்ன விசேஷம் என்று கேட்டார். எண்ணூரில் இரண்டு நாள் மழை கொட்டியும் என் அக்கா வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்றேன்.

அவர் கையில் தட்டோடு அப்படியே நின்றார். மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர் வராமல் இருப்பது அவருக்கு ஒரு செய்தியே இல்லை. நான் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். கேக் முடிகிறவரை கேட்டார். பிறகு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டு மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொன்னார். அவரிடம் ஜெர்மனில் தட்டுத்தடுமாறிச் சொன்னதை உங்களுக்கு நம் மொழியில் எழுதலாம் என்று தோன்றியது.

2

நான் வடசென்னையில், காலடிப்பேட்டையில் வளர்ந்தவள். அப்பா மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, கடலை விட்டுத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றப் போனவர். நான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஆறு வருடம் பில் எழுதினேன். என் கணவர் சேகர் கப்பல் வெல்டர். அவருக்கு ரைன் ஆற்றங்கரையில் வேலை கிடைத்ததும் இரண்டு வயது மகளோடு பின்னாலேயே வந்தேன். இந்தக் கார்த்திகையோடு பதினான்கு வருடம்.

எனக்கு இங்கே கிடைத்த வேலை ஆற்றைப் பார்ப்பது. கரைச்சுவரில் மீட்டர் கணக்கில் கோடு போட்டு எண் எழுதியிருக்கும். தினமும் காலையில் அதைப் படித்து, ஒவ்வொரு சரக்குப் படகும் எவ்வளவு ஏற்றலாம் என்று சீட்டு எழுதித் தர வேண்டும். தண்ணீர் குறைந்தால் படகு தரை தட்டும். அதனால் இந்த ஊரில் பேக்கரிக்காரம்மா முதல் டாக்டர் வரை எல்லோருக்கும் அன்றைய நீர்மட்டம் தெரிந்திருக்கும். அந்த எண்ணுக்கு இவர்கள் மொழியில் பேகெல் என்று பெயர். சேர்ந்த புதிதில் நான் ஊவேயிடம் கேகெல் எவ்வளவு என்று கேட்டேன். கேகெல் என்றால் பந்து உருட்டித் தள்ளி விளையாடும் மரக்கட்டை. அவர் முகம் மாறாமல் ஒன்பது கட்டையும் நின்றுகொண்டிருக்கிறது என்றார். அந்த வருடம் முழுக்க காலை வணக்கத்துக்குப் பதில் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று வருடத்துக்கு முந்தைய கோடையில் ஆறு வற்றியது. மலைகளில் பனி சரியாக விழவில்லை, மழையும் இல்லை. சுவரில் நான் அதுவரை பார்த்தே இராத கோடுகள் பச்சைப் பாசியோடு வெளியே வந்தன. பாதி நிலக்கரி ஏற்றினாலே படகு திணறியது. பிறகு பாதியும் ஏற்ற முடியவில்லை. ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும் மின் நிலையத்திலிருந்து கரி எங்கே கரி எங்கே என்று ஒரு நாளைக்குப் பத்து முறை போன் வரும். சுவரைக் காட்டுவதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஆற்றுத் தண்ணீரும் வெதுவெதுப்பாகிவிட்டது. எந்திரத்தைக் குளிர வைக்க அதை எடுக்க முடியாமல் வேறு சில மின் நிலையங்களும் உற்பத்தியைக் குறைத்தன. கரையோரம் மீன்கள் செத்து மிதந்தன. ஆற்றில் தண்ணீர் இல்லையென்றால் வீட்டில் விளக்கு எரியாது என்பதை என் ஜெர்மன் பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்தக் கோடையில்தான் பேச ஆரம்பித்தார்கள்.

எனக்கு இன்னொரு எண்ணமும் ஓடியது. நான் சீட்டு எழுதி அனுப்புகிற கரி எரிந்து வானத்துக்குப் போகிறது. எண்ணூர் அனல்மின் நிலையங்களில் எரிகிற கரியும் அதே வானத்துக்குத்தான் போகிறது. அந்த வானம் எனக்கு இங்கே மழையை மறுத்தது. அங்கே மழைக்காலத்தில் என் அக்காவின் தலைமேல் ஒரு மாத மழையை ஒரே நாளில் கொட்டுகிறது. கரி அனுப்புகிற பக்கமும் அடிபடுகிற பக்கமும் நானே நிற்பதுபோல் இருந்தது.

3

அக்காவின் பெயர் கஜலட்சுமி. எல்லோருக்கும் கஜா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். அப்பாவின் சொந்தத்திலேயே, எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாமா தேசிங்கு கழியில் வலை போடுகிறவர். கழி என்றால் ஆறும் கடலும் கலக்கிற உப்பங்கழி. அக்கா வலை இல்லாமலே இறால் பிடிப்பாள். மார்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி, விரலில் தட்டுப்படுகிற இறாலைப் பிடித்து, வாயில் கவ்வியிருக்கும் ஓலைப் பறிக்கூடையில் போட்டுக்கொண்டே நகர்வாள். குப்பத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக இறங்குவார்கள்.

அந்த வற்றிய கோடையில் ஒரு நாள் டீ நேரத்தில் அக்காவுக்கு வீடியோ அழைப்பு போட்டேன். ஆற்றின் கதியைக் காட்டலாம் என்று போனைத் திருப்பினேன். அக்கா ஆற்றைப் பார்க்கவில்லை.

"இன்னாடி அது, செவுத்துல நம்பரு போட்டு வச்சிகீது?" என்றாள்.

சொன்னேன். தினம் படிப்பார்களா என்று கேட்டாள். தினம் என்றேன். எழுதி வைப்பார்களா? வைப்பார்கள். எத்தனை வருடமாக? நூறு வருடத்துக்கு மேலாக என்றேன். அக்கா, கழியில் தான் மார்பளவு தண்ணீரில் நின்று தடவிய இடத்தில் இப்போது முழங்கால் அளவுதான் இருக்கிறது, மனு கொடுத்தால் எந்த வருடம் மார்பளவு இருந்தது என்று கேட்கிறார்கள், நான் என்னத்தைக் காட்டுவேன் என்றாள். வெறும் பேச்சாகத்தான் சொன்னாள் என்று நினைத்து போனை வைத்தேன்.

நான்கு நாள் கழித்து ஒரு படம் வந்தது. பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி நட்ட பிளாஸ்டிக் குழாய். அதில் சாண் சாணாகச் சிவப்புக் கோடு. நகப்பாலிஷில் போட்ட கோடு என்று பிறகுதான் தெரிந்தது. இப்படி ஐந்து குழாய்களைக் கழியில் ஐந்து இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். கடல் ஏறும்போது ஒருமுறை, வற்றும்போது ஒருமுறை யாராவது ஒரு பெண் போய்ப் பார்த்து, தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் எழுதுவாள். அன்றன்றைக்கு எனக்குப் படம் அனுப்பிவிடுவார்கள்.

4

என் மகள் தாரிணிக்கு அப்போது பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைப் பத்து வயதிலேயே நிறுத்திக்கொண்டாள். காரணத்தில் என் பங்கும் உண்டு. இங்கே இருக்கிற தமிழர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், நல்ல தமிழ் பேசுகிறவர்கள். அவர்கள் நடுவில் நான் என் மெட்ராஸ் பேச்சை மடித்து உள்ளே வைத்துவிட்டு, புத்தகத்தில் இருப்பதுபோல் பேசப் பழகினேன். வீட்டிலும் அதுவே வந்துவிட்டது. யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற அம்மாவிடம் ஒரு பிள்ளை எவ்வளவு பேசும்?

ஒரு மாதத் தாள்களின் படங்களை வரிசைப்படுத்தத் தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தபோது தாரிணி எட்டிப் பார்த்தாள். நான் கேட்காமலே கணினியில் ஏற்றிக் கோடு போட்டாள். அப்புறம் முகம் சுளித்தாள். இது தப்பு என்றாள். குழாய் சேற்றில் நிற்கிறது, சேறு ஏறினால் குழாயும் கூடவே ஏறும் அல்லது பாதி புதையும், அப்புறம் எதை வைத்து அளப்பது, அசையாத ஒன்று வேண்டாமா என்று கேட்டாள். உங்கள் ஆபீஸ் சுவர் அசைகிறதா என்றும் கேட்டாள்.

இதை அக்காவுக்கு நான் விளக்கப் போய் நானே குழம்பினேன். தாரிணி பொறுமை இழந்து போனை வாங்கிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த தமிழும், கையும், ஒரு டம்ளர் தண்ணீரும், அடியில் போட்ட சர்க்கரையும் வைத்து விளக்கினாள். அக்கா உடனே பிடித்துக்கொண்டாள். கழியின் குறுக்கே ஒரு பாலம் இருக்கிறது. அதன் தூண் அசையாது. அந்த வாரமே மாமா தூணில் பெயின்ட் கோடு போட்டார். அன்று முதல் இரண்டு அளவு. தூணில் தண்ணீர் எவ்வளவு உயரம், கம்பை விட்டால் தரை எவ்வளவு ஆழம்.

அதன் பிறகு என் வீட்டில் ஒரு விஷயம் நடந்தது. தாரிணி தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்காவுக்குப் போன் செய்ய ஆரம்பித்தாள். முதல் மாதம் எண்கள் மட்டும். இரண்டாவது மாதம் மாமா என்ன சாப்பிட்டார், பக்கத்து வீட்டுச் சண்டை முடிந்ததா என்றெல்லாம். ஒரு நாள் நான் சமையலறையில் இருந்தேன். உள்ளறையிலிருந்து என் மகளின் குரல் வந்தது.

"இன்னா பெரிம்மா, தண்ணி எத்தினி கீது இன்னிக்கு?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். நான் மறைத்து வைத்திருந்த பேச்சு, எனக்குத் தெரியாமல் கடல் தாண்டி வந்து என் மகளின் வாயில் உட்கார்ந்திருந்தது.

5

அந்த வருடம் கார்த்திகையில் புயல் மழை. ஒரே இரவில் குப்பத்துக்குள் தண்ணீர் வந்து ஐந்து நாள் நின்றது. அக்கா வீட்டில் கட்டிலுக்கு மேல் தண்ணீர். அடுப்பு, அரிசி, பேத்தியின் பள்ளிப் புத்தகம் எல்லாம் போயின. காலண்டர் தாள் மூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தின் மாடியில் தங்கியிருந்தார்கள். அந்த ஐந்து நாளும் அளவு வந்தது. மாமா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தூண் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். வேண்டாம் மாமா என்று அழுதேன். இத்தனை நாள் எழுதிவிட்டு இந்த ஐந்து நாள் எழுதாவிட்டால் மற்றதெல்லாம் வீண் என்றார்.

தண்ணீர் வடிந்த பிறகு அரசாங்கத்திலிருந்து வேறு ஒன்று வந்தது. ஒரு பட்டியல். குப்பத்தில் முப்பத்தெட்டு வீடுகளின் பெயர் அதில் இருந்தது. கடல்மட்டம் உயருகிறது, மழை கூடுகிறது, பருவநிலை மாறிவிட்டது, இந்த இடம் இனி பாதுகாப்பில்லை, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு தருகிறோம் என்று காகிதம் சொன்னது. அந்த அடுக்குமாடியிலிருந்து கழிக்கு வர மூன்று பஸ் மாற வேண்டும். சேற்றைத் தடவியே பிழைத்த பெண்களுக்கு அங்கே செய்ய என்ன வேலை இருக்கிறது?

எனக்குக் குழப்பமாக இருந்தது. காகிதத்தில் இருந்ததைப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது. பருவநிலை மாறியதை நான் தினமும் சுவரில் படிக்கிறேன். அக்காவிடம் தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன். அவளும் மறுக்கவில்லை. மழை முன்பு மாதிரி இல்லை என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பதில் தாரிணியின் கோடுகளில் இருந்தது. ஒரு கோடு, தூணில் தண்ணீரின் உயரம். மழைக்கு மேலே போய், கடல் வற்றும்போது இறங்க வேண்டியது. ஐந்து நாளும் இறங்கவே இல்லை. இன்னொரு கோடு, கழியின் ஆழம். அது மாதாமாதம் குறைந்துகொண்டே வந்திருந்தது. அனல்மின் நிலையங்களிலிருந்து வருடக்கணக்காக வந்து படிந்த சாம்பலும் மண்ணும் முகத்துவாரம் வரை அடைத்திருந்தன. மழைத் தண்ணீர் கடலுக்குப் போக நினைத்தது, வழி இல்லை. கடல் தண்ணீர் உள்ளே வந்து போக நினைத்தது, அதற்கும் வழி இல்லை. அதனால்தான் கரையோரம் உப்புத் தண்ணீரில் வளரும் அலையாத்திச் செடிகள் பட்டுப்போயின, இறாலும் ஏறவில்லை. மழை கூடிய காலத்தில் கழி ஆழமாக இருக்க வேண்டும். இங்கே தலைகீழாக நடந்திருந்தது.

குப்பத்து மீனவர் சங்கமும் பக்கத்து ஊர்க்காரர்களும் பல வருடமாக இதற்கு மனு கொடுத்து வந்தவர்கள். அவர்கள் விடாமல் அலைந்ததில்தான், அடுத்த ஆடி மாதம் கருத்துக் கேட்கும் கூட்டம் என்று அதிகாரிகள் நாள் குறித்தார்கள். இந்த முறை காட்ட நம்மிடம் காகிதம் இருக்கிறது என்று அக்கா சொன்னாள். நீ வந்தே ஆகணும் என்றாள்.

6

போகலாம் என்றால் என் ஜெர்மன் குடியிருப்பு அட்டை காலாவதியாகப் போகிறது, அது இல்லாமல் திரும்பி வர முடியாது. புதிய அட்டைக்கு ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். இடைக்கால அனுமதிக் காகிதம் ஒன்று உண்டு, அதற்கும் முன்பதிவு வேண்டும். நாள் கிடைக்கவில்லை. நான் மூன்று நாள் காலை ஆறு மணிக்கே போய் வாசலில் நின்றேன். மூன்றாவது நாள் ஒரு அதிகாரி அம்மாள் உள்ளே கூப்பிட்டு அவசரம் என்ன என்று கேட்டார்.

கருத்துக் கேட்பு என்பதற்கு ஜெர்மனில் ஒரு சொல். நிறுத்திக்கொள்வது என்பதற்கு ஏறக்குறைய அதே ஓசையில் இன்னொரு சொல். பதற்றத்தில் இரண்டும் இடம் மாறின. என் அக்காவின் ஆறு நின்றுபோகப் போகிறது, அடுத்த மாதம் இருபதாம் தேதி, பதினோரு மணிக்கு என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் தாரிணியின் கோடுகளை மேசைமேல் விரித்தேன். சிறு வயதில் தன் அப்பாவின் வீட்டுக்குள்ளும் ஆறு வந்திருக்கிறது என்று மெல்லச் சொன்னார். அன்று மாலையே காகிதம் கையில் இருந்தது. பதினான்கு வருடத்தில் ஒரு அலுவலகத்தில் நான் தப்பாகப் பேசியதால் காரியம் நடந்தது அந்த ஒரு முறைதான்.

7

தாரிணியும் நானும் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே போய்ச் சேர்ந்தோம். கோடுகளை எப்படிக் காட்டுவது என்று பேச்சு வந்தது. கணினியைத் திறந்து காட்டினால் முன்வரிசைக்கு மட்டும்தான் தெரியும். அக்கா எங்களை டோல்கேட் பகுதியில் ஒரு பிளெக்ஸ் கடைக்கு அழைத்துப் போனாள். கல்யாணத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் பேனர் அடித்துப் பழகிய கடைக்காரர் யார் போட்டோ வைக்க வேண்டும் என்று கேட்டார். போட்டோ இல்லை, கோடுதான் என்றோம். அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, இது தண்ணீரா என்று கேட்டார். அவர் வீடு வியாசர்பாடியில், மழைக்குத் தண்ணீர் ஏறுகிற இடம். ஆழத்தைக் காட்டும் கோட்டைச் சிவப்பாக்கினால் தூரத்திலிருந்து தெரியும் என்று அவரே மாற்றிக் கொடுத்தார். பத்தடி நீளப் பேனர்.

கூட்டம் ஒரு சமூகக் கூடத்தில் நடந்தது. மேடையில் நான்கு அதிகாரிகள். நடுவில் ஒரு பெண் பொறியாளர். கீழே நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றார்கள். முதலில் பேசிய அதிகாரி பருவநிலை மாற்றம் பற்றி நன்றாகவே பேசினார். எல்லாம் உங்கள் நல்லதுக்குத்தான் என்று முடித்தார். அக்கா எழுந்தாள். மாமாவும் இன்னொருவரும் பேனரை விரித்துப் பிடித்தார்கள். அக்காவுக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை. அதை இறால் பறிபோல் வாயருகே ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"மழ ஜாஸ்தியாத்தான் பெய்து சார். இல்லன்னு நான் சொல்லல. ஆனா வந்த தண்ணி கடலுக்குப் போற வழில மண்ணும் சாம்பலும் குந்திகினு கீது. அத்த எடுக்காம எங்கள எடுக்கறேன்றீங்களே, நாங்க போனா மட்டும் தண்ணிக்கு வழி வந்துருமா?"

பிறகு அக்கா ஒவ்வொரு கோடாக விரல் வைத்துச் சொன்னாள். எந்த மாதம் எங்கே எவ்வளவு. புயல் நாளில் மாமா கயிறு கட்டிப் போன ஐந்து புள்ளிகளையும் தொட்டுக் காட்டினாள். காலண்டர் தாள்கள் மூட்டையாக மேடைக்குப் போயின. பொறியாளர் கை போன போக்கில் ஒரு தாளை உருவி, பேனரில் அந்தத் தேதியைத் தேடிப் பார்த்தார். பொருந்தியது. இன்னொன்று உருவினார். அதுவும் பொருந்தியது. மூன்றாவதை அவர் உருவவில்லை.

இந்த வரைபடம் யார் போட்டது என்று கேட்டார். தாரிணி எழுந்தாள்.

"நான்தான் மேடம் போட்டேன். பெரிம்மாவும் மத்த அக்காங்களும்தான் தண்ணில எறங்கி அளந்தாங்க."

எந்தப் பள்ளிக்கூடம் என்று பொறியாளர் கேட்டார். அவள் ஜெர்மன் பெயர் ஒன்றைச் சொன்னாள். மேடையில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. நீ எந்த ஊரு பொண்ணும்மா என்று மறுபடி கேட்டார்.

"எண்ணூரு மேடம்," என்றாள் தாரிணி. "படிக்கறதுதான் வெளியூர்ல."

கூடமே சிரித்தது. என் பக்கத்தில் நின்ற, நான் அதுவரை பார்த்திராத ஒரு அம்மாள் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அந்தத் தட்டு இரண்டு நாள் வலித்தது. வலிக்க வலிக்கச் சந்தோஷமாக இருந்தது.

8

மறுநாள் காலை பொறியாளர் குப்பத்துக்கு வந்தார். கூட யாரும் இல்லை. அக்கா அவரைக் கழிக்கு அழைத்துப் போனாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அக்காவின் கையைப் பிடித்தபடி இறங்கினார். தாளில் முழங்கால் அளவு என்று எழுதியிருந்த இடத்தில் முழங்கால் அளவே இருந்தது. ஆனால் அவர் கால் சாம்பல் சேற்றில் இன்னொரு முழங்கால் ஆழம் புதைந்தது. இரண்டு பெண்கள் பிடித்து இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். கரையில் உட்கார்ந்து காலைக் கழுவும்போது, இந்த ஊரில் பல வருடமாக வேலை பார்க்கிறேன், இதற்குள் இறங்கியது இல்லை என்று அவரே சொன்னார். அக்கா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகும் எல்லாம் சட்டென்று நடந்துவிடவில்லை. ஆய்வு, டெண்டர், மறு ஆய்வு என்று நாள் ஓடியது. சங்கத்துக்காரர்கள் எத்தனை படி ஏறி இறங்கினார்கள் என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். பெண்கள் அளப்பதை நிறுத்தவில்லை. அடுத்த கோடையில் மிதவைமேல் நின்ற மண் அள்ளும் எந்திரங்கள் கழிக்குள் வந்தன. எங்கிருந்து எதுவரை தோண்ட வேண்டும் என்று அந்த ஓட்டுநர்கள் அக்காவிடம் வந்து கேட்டார்கள். முகத்துவாரம் வரை சாம்பலும் மண்ணும் வெளியேறின. பட்டியலில் இருந்த முப்பத்தெட்டு வீடுகளும் இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்று காகிதம் வந்தது. வழி திறந்ததும் கடல் தண்ணீர் தினம் இரண்டு முறை உள்ளே வந்து போக ஆரம்பித்தது. கரையோரம் நட்ட அலையாத்திக் கன்றுகளில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டன.

இதனால் உலகத்தின் வெப்பம் குறைந்துவிடவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் படகுத்துறையில் இப்போது காற்றாலையின் பெரிய இறக்கைகள் படகில் வந்து இறங்குகின்றன, கரியும் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அடுத்த கோடையில் என் ஆறு மறுபடி வற்றலாம். ஆனால் மாறிய வானத்தின் கீழே எப்படி வாழ்வது என்பதை எங்கள் குப்பத்துப் பெண்கள் ஒரு கம்பும் காலண்டரும் வைத்துக் கண்டுபிடித்தார்கள். இதைச் சொல்லும்போது குரல் உயராமல் இருக்க எனக்குத் தெரியவில்லை.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. அந்தப் பழைய புயல் மழைக்குக் குறையாத மழை என்று செய்தி சொன்னது. சனிக்கிழமை அக்காவின் போன் கிடைக்கவில்லை. சேகர் செய்தித் தளங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாரிணி கணினி முன் உட்கார்ந்து வராத எண்ணுக்காகக் காத்திருந்தாள். நாங்கள் மூன்று பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு அழைப்பு வந்தது. வீடியோ. முதலில் தெரிந்தது தெரு. ஈரம் இருந்தது, ஆங்காங்கே குட்டை இருந்தது, ஒரு நாய் நடுத்தெருவில் படுத்திருந்தது. தண்ணீர் இல்லை. அக்கா போனைத் திருப்பிப் பாலத்தைக் காட்டினாள். பழுப்பு நிறத் தண்ணீர் தூண்களை உரசிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடியது. இத்தனை வேகமாக அது ஓடி நான் பார்த்ததே இல்லை. இரவெல்லாம் மாமா தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மேல் கோடு வரை ஏறியதாம். கடல் வற்ற ஆரம்பித்ததும், இறங்கியதாம்.

தாரிணி எண்களைக் கேட்டாள். அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். நடுவில் அக்கா சிரித்தாள். என்னவென்று கேட்டேன்.

"அந்த இன்ஜினீர் மேடம்தான். இன்னிக்கு டவர் வந்ததுலருந்து போன் மேல போன். கஜாம்மா, இப்ப எத்தினி கீது, இப்ப எத்தினி கீதுன்னு. எம் பேச்சே தொத்திக்கிச்சு அதுக்கு. ஆபீஸ்ல அல்லாரும் நம்ம நம்பருக்கோசரம் குந்தினு கீறாங்களாம்."

அக்கா திரையில் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். அழுவதற்கு இப்போது என்ன வந்துவிட்டது என்று கேட்டாள். பிறகு பின்னாலிருந்து பெண்கள் அவளைக் கூப்பிடுவது கேட்டது.

"சரி, வையி. தண்ணி வத்துது. புதுத் தண்ணிக்கு எறா ஏறிகீதாம், அல்லாரும் எறங்கிட்டாளுங்க."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அக்கா வேலைக்குப் போய்விட்டாள்.